ஒரு சொட்டு எண்ணெய்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொள்வதில்லை. முடி வெட்டி முடித்ததும் இரண்டு பக்கக் கிருதாவையும் ஒரு சின்ன ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிற சலூன்காரர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஒரு பக்கம் இம்மி கூடிவிட்டால் ஆளை எழுந்திருக்க விடமாட்டார். வேலைக்கு நேரமாகிறது என்று நாற்காலியில் இருப்பவர் கத்துவார். "இருங்க சார், கோணலா அனுப்பிட்டு அப்புறம் எனக்குச் சோறு இறங்காது" என்பார். திட்டிக்கொண்டு போனவர் அடுத்த மாதமும் அங்கேதான் வந்து உட்காருவார்.

கடையில் இருப்பது ஒரே நாற்காலிதான். சீப்புகள் பல்லின் இடைவெளிப்படி வரிசையாக இருக்கும். துண்டுகளின் மடிப்பு எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். கத்தரிகளுக்குப் பக்கத்தில் மூக்கு நீண்ட ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் நிற்கும். ஒவ்வொரு ஆளுக்கும் வெட்டி முடித்ததும் கிளிப்பரின் பல்லைப் பிரஷ்ஷால் துலக்கி, ஒரு சொட்டு விட்டு, ஒரு நொடி ஓடவிட்டு, காதருகே வைத்துக் கேட்பார். "சத்தம் மாறுச்சுன்னா மிஷினுக்குத் தாகம்" என்பது அவர் கட்சி. அந்தப் பாட்டிலால்தான் கடையின் ஷட்டரும், நாற்காலியின் திருகும், கூரை விசிறியும் முனகாமல் ஓடிக்கொண்டிருந்தன. முடி வெட்ட வந்தவரின் சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டால்கூட, அவர் உட்கார்ந்திருக்கும்போதே வெளியே போய் விட்டுவிட்டு வருவார்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருஷம் அது. சவரக்கத்தி பிடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்? மகன் கத்தியை வாங்கிக்கொண்டான். அப்போது தங்கச்சிக்கு நடக்கக்கூடத் தெரியாது. கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில்தான் அவள் வளர்ந்தாள். அப்பா போய், அம்மாவும் போன பிறகு, அண்ணன்தான் எல்லாம். அவள் வளர்ந்து வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டாள், இன்னும் அவருக்கு அவள் பாப்பாதான். யாராவது இவருடைய கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல பாப்பா ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லித் தலையை அழுத்திக் குனிய வைத்துவிடுவார். குனிந்த தலை மேற்கொண்டு பேசாது.

பாப்பா படம் வரைவாள். குளிர் நாட்களில் கடைக் கண்ணாடியில் படியும் ஆவியில் விரலால் வரைந்து பழகியவள். ஓவியக் கல்லூரி வரைக்கும் போய்ப் படித்தாள். பகலில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தனக்காக ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். அசையும் படம். நான்கு நிமிஷம்தான், பேச்சே கிடையாது. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை, மழை பெய்கிற ஊரில் கைக்குக் கை மாறிப் போகிறது. அவ்வளவுதான் கதை. அதற்கு இரண்டு வருஷமாக வரைந்தாள். குடையை விரிக்கிற கை எப்படி மடங்கும், மூடுகிற கை எப்படி மடங்கும் என்று பார்ப்பதற்காக அண்ணனை நிற்கவைத்துக் குடையை விரித்து மூடச் சொல்வாள். அவரும் சளைக்காமல் செய்வார். மறுநாள் நாற்காலியில் உட்காருகிறவர் தப்பிக்க முடியாது. "படத்துல வர்ற கை எல்லாம் இந்தக் கைதான் சார்" என்று கத்தரியோடு கையைத் தூக்கிக் காட்டுவார்.

அவள் வரைவது ஒரு பழைய லேப்டாப்பில். ஏதோ ஆபீஸில் ஒதுக்கித் தள்ளியதை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுத்தது. பழைய மாடல், கனம், ஓரத்தில் வெடிப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் கையால் அதற்குச் சிங்காரம் நடக்கும். கழுத்து முடி தட்டுகிற மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்துக் கட்டையின் இடுக்கையும் துலக்குவார். புதிது வாங்கலாமே என்று அவள் சொன்னால், "இது என்னம்மா குறை சொல்லுது?" என்பார்.

இளம் படக்காரர்களுக்கென்று ஒரு தேர்வு அறிவித்திருந்தார்கள். படத்தை அனுப்ப வேண்டும். தேறினால் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் ஒரு வருஷம் கூடவே வைத்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுப்பார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு. அடுத்த வருஷம் அறிவிப்பு வரும்போது பாப்பா அந்த வரம்பைத் தாண்டியிருப்பாள். அதாவது இந்த ஒரு தடவைதான். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும்.

வியாழக்கிழமை பொழுது சாயும்போதுதான் அவள் கடைசிச் சித்திரத்தைத் திருத்தி முடித்தாள். இனி ஒரு வேலைதான் பாக்கி. வரைந்ததையெல்லாம் லேப்டாப் தானே வரிசையாகக் கோத்து ஒரே படமாக ஆக்க வேண்டும். அந்தக் கிழ லேப்டாப்புக்கு அது நாலைந்து மணி நேர வேலை. பாப்பா அதை ஓடவிட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு படுத்தவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள்.

கடையைச் சாத்திவிட்டு அண்ணன் மேலே வந்தபோது மேஜை மேல் லேப்டாப் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற சின்ன விசிறி கரகரவென்று, கூழாங்கல்லை அரைப்பது போல. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். அப்படிப்பட்ட சத்தத்தை அவர் வாழ்நாளில் சும்மா விட்டதில்லை. கீழே போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். பக்கவாட்டில் காற்று வருகிற கம்பி இடுக்கு வழியாக, பாட்டிலின் மூக்கை நுழைத்து ஒரு சொட்டு விட்டார். சத்தம் குறைந்தது. இன்னொரு சொட்டு. நின்றேவிட்டது. வெளியே வழிந்ததைத் துண்டால் ஒற்றியெடுத்தார். பாப்பா முகத்தில் வெளிச்சம் படாமல் விளக்கை அணைத்துவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் ஊரில் யாருக்கு என்ன வருகிறது போகிறது என்று விசாரிக்கிற பழக்கம் அவரை விடவில்லை. ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. அப்போது பாப்பா மாடிப்படியில் இறங்கி வந்தாள். லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது ஆன் ஆக மாட்டேங்குது."

"சார்ஜர் போட்டியா?"

"போட்டேன். விளக்கு எரியுது. உள்ள ஏதோ லேசா துடிக்குது. ஸ்கிரீன் கருப்பாவே இருக்கு. பீப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் செத்துப்போகுது."

"படம்?"

"பாதியிலயே நின்னிருக்கும்."

அண்ணன் கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தார். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடிக்குள் இருந்த தன்னுடைய அரைமுகத்தைப் பார்த்தபடி, "டிவி மாதிரி தலையில ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்" என்றார்.

"சார், சும்மா இருங்க சார்."

"எங்க வீட்டு டிவி அப்படித்தான்யா பதினஞ்சு வருஷமா ஓடுது!"

பாப்பாவுக்கு விஷயம் தெரியும், பதறுகிறவளும் அல்ல. கண்ணாடி முன்னால் இருந்த மரப்பலகையில் இடம் ஒதுக்கி, லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தாள். பேட்டரியைக் கழற்றினாள். சார்ஜரையும் பிடுங்கிவிட்டு ஆன் பொத்தானை நன்றாக அழுத்திப் பிடித்தாள், மிச்சமிருக்கிற மின்சாரம் வடியட்டும் என்று. மறுபடி மாட்டினாள். விளக்கு, துடிப்பு, பீப், இருட்டு. கிளிப்பர் திருகுகிற ஸ்குரூ டிரைவரை அண்ணன் கொடுத்தார். அடிமூடியைத் திறந்து, நினைவுச் சில்லை உருவி, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினாள். அவள் கழற்றிக் கொடுத்த திருகுகளை அண்ணன் ஒரு வெள்ளைத் துண்டில், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் அடுக்கினார். அதற்கு மேல் அவரால் செய்ய ஒன்றுமில்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நின்றார்.

விளக்கு, துடிப்பு, பீப், இருட்டு.

"செத்துப்போறதுக்கு முன்னாடி ஏதோ எழுத்து மின்னுது. படிக்கிறதுக்குள்ள போயிடுது" என்றாள் பாப்பா. போனை எடுத்து, அந்தக் கணத்தை வீடியோ பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "ஃபேன் எர்ரர். விசிறி சுத்தலை அண்ணா. விசிறி சுத்தலைன்னா உள்ள எரிஞ்சு போயிடும்னு அதுவே நின்னுக்குது."

"விசிறியா? நேத்து நல்லா..." என்று ஆரம்பித்த அண்ணன், "அப்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிடலாம்" என்று முடித்தார்.

"போங்க, போங்க. என் கன்னம் எங்கயும் ஓடிடாது" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஆஸ்பத்திரி என்பது தெருமுனையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ரிப்பேர் கடை. 'லேப்டாப் ஆஸ்பத்திரி' என்று பலகை இருப்பதால் கடைக்காரருக்கு டாக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். டாக்டர், பாப்பா சொன்னதை முழுசாகக் கேட்டார், போனில் வீடியோவையும் பார்த்தார், அப்புறம்தான் பிரித்தார். எழுத்துப் பலகை வந்தது, ஒரு தகடு வந்தது, கடைசியில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய விசிறி வந்தது. அதன் இறக்கைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு களிம்பு. விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

"யாருங்க இதுக்குள்ள எண்ணெய் விட்டது?"

"நான்தான் தம்பி" என்றார் அண்ணன். குரலில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. "நல்ல எண்ணெய்தான். நான் கிளிப்பருக்குப் போடறது. விட்ட உடனே சத்தம் நின்னுடுச்சு."

"விசிறியே நின்னுட்டா சத்தம் எங்கண்ணே வரும்?"

டாக்டர் கேலி செய்யவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். உள்ளே வருஷக்கணக்காகப் படிந்திருந்த தூசி எண்ணெயில் ஊறிப் பசையாகிவிட்டது என்றார். ஏற்கெனவே விசிறி தேய்ந்துபோய்த்தான் இருந்திருக்கும், அதனால்தான் கத்தியது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் கத்திக்கொண்டே ஓடியிருக்கும் என்றார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கத் துடைக்க அண்ணன் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பஞ்சும் கருப்பாக வந்தது.

பாப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எதையும் தொடாம இருக்கவே முடியாதா அண்ணா?"

அவ்வளவுதான் கேட்டாள். கடையில் முடி சரியாக வெட்டவில்லை என்று யாராவது சொன்னால் அண்ணன் ஸ்கேலை எடுத்துக் காட்டுவார். இங்கே எதை எடுத்துக் காட்டுவது?

துடைத்த பிறகு விசிறியை விரலால் தள்ளினால் சுற்றியது, தானாகச் சுற்ற மறுத்தது. இந்த மாடலுக்கு வேறு விசிறி கையில் இல்லை. டாக்டர் நாலு இடத்துக்குப் போன் போட்டார். இரண்டு பேர் அப்படி ஒரு மாடலா என்று கேட்டார்கள், ஒருவர் அடுத்த வாரம் வரவழைக்கலாம் என்றார், இன்னொருவர் சிரித்தார்.

"டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல போட்டுடலாமேம்மா? உங்க படமெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

"படம் என்கிட்ட பென் டிரைவ்லயும் இருக்கு. கோக்கற சாஃப்ட்வேர் இதுல மட்டும்தான் இருக்கு. ரொம்பப் பழசு. இப்ப வர்றது எதுலயும் என் ஃபைல் திறக்காது. புதுசுல திறக்கற மாதிரி மாத்தணும்னா ஒரு மாசம் ஆகும்."

கடை வாசலில் நின்று பாப்பா தேர்வுக்காரர்களுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். "எங்கிட்ட கொடு, நான் பேசறேன்" என்று அண்ணன் வாங்கிக்கொண்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நின்றார். "வணக்கம்மா. நான் அந்தக் குடைப் படம் எடுத்த பொண்ணோட அண்ணன் பேசறேன். தப்பு என்மேலதான், பொண்ணு மேல இல்ல. ஒரே ஒரு நாள் மட்டும்..."

"அண்ணா" என்றாள் பாப்பா. "அது ரெக்கார்டு பண்ணி வெச்ச குரல்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். குரல் பாட்டுக்குத் தன் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

உள்ளே டாக்டர் எதையோ யோசித்தபடி, திறந்து கிடந்த லேப்டாப்பில் விசிறியை மறுபடி பொருத்தினார். ஆன் பொத்தானை அழுத்திவிட்டு, குனிந்து வாயால் விசிறியின் மேல் நன்றாக ஊதினார். இறக்கை சுழன்றது. பீப் சத்தம் வரவில்லை. திரை வெளுத்து, நீலமாகி, பாப்பாவின் குடைச் சித்திரம் வந்து நின்றது. ஊதுவதை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் கொதித்து, லேப்டாப் தானாக அணைந்தது.

"சுத்துதுன்னு அதை ஏமாத்தலாம்" என்றார் டாக்டர். "ஆனா சூடு ஏமாறாது. விடாம யாராவது குளிர்ந்த காத்தை ஊதி விசிறியைச் சுத்த வெச்சுக்கிட்டே இருந்தா வேலை ஓடும். நான் எவ்வளவு நேரம்ங்க ஊதறது?"

"மேஜை விசிறி?"

"காத்து பரவிடும். இந்த இடுக்குல குறி பார்த்து அடிக்கணும்."

"ஹேர் டிரையர்" என்றாள் பாப்பா. அண்ணன் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள்.

டாக்டர் கடையையே பூட்டிக்கொண்டு கூட வந்தார். சலூனில் போஸ்ட்மாஸ்டர் அதே அரைமுகத்தோடு, அண்ணனுக்குப் பதிலாகக் கடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி முன் பலகையில் லேப்டாப்பை நான்கு சீப்புகள் மேல் தூக்கி வைத்தார்கள், அடியிலும் காற்று போகட்டும் என்று. அண்ணனுடைய டிரையர் பழசு. குளிர்ந்த காற்றுக்கென்று அதில் தனி நிலை கிடையாது. கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் குளிர்ந்த காற்று. விட்டால் அனல்.

"விரல் நழுவிச்சுன்னா விசிறி இல்ல, மொத்தமும் உருகிடும்ணே" என்றார் டாக்டர். "பொத்தானை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிடலாமா?"

"வேணாம். ரப்பர் பேண்டை நம்பி நான் விடமாட்டேன்" என்றார் அண்ணன்.

"எண்ணெயை மட்டும் நம்பி விட்டே?" என்றாள் பாப்பா.

அண்ணன் டிரையரைப் பிடித்தார். கட்டை விரல் பொத்தான் மேல். டாக்டர் கோணத்தைச் சொல்லிக்கொடுத்தார்: ரொம்ப நெருங்கினால் இறக்கை உடையும், ரொம்ப விலகினால் சுற்றாது. பாப்பா லேப்டாப்பின் ஆன் பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது. கோக்கிற வேலையை முதலிலிருந்து தொடங்கினாள், பாதியில் நின்றது எதற்கும் உதவாது. அடியில் ஒரு பச்சைக் கோடு நூலளவுக்கு முளைத்தது. சுவரில் மணி உச்சியைத் தாண்டியிருந்தது. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எதுவும் தடங்காமல் ஓடினால் ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் முடியும். தடங்கினால் அவ்வளவுதான்.

தடங்கியது. பக்கத்துக் கடையில் வெல்டிங் போட்டபோது மின்சாரம் சோர்ந்து டிரையர் முனகியது, விசிறி தளர்ந்தது, சூடு ஏறியதும் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பச்சைக் கோடு அசைவதே தெரியவில்லை. டாக்டர் ஓடிப்போய் வெல்டிங்காரரிடம் கெஞ்சிவிட்டு வந்தார். அப்புறம் அவருடைய கடைக்கு ஆள் வந்துவிட்டதாகப் போன் வந்து, ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்.

முடி வெட்ட வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். லேப்டாப்புக்கு ஒரு மனிதர் தலை உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒருவர், "என்னய்யா மில்லிமீட்டர், இதுக்கும் கிருதா அளப்பியா?" என்றார். அண்ணன் டிரையரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அவருக்கு இரண்டு வார்த்தை சுடச்சுடக் கிடைத்திருக்கும். மூக்கில் அரித்தது. முழங்கையால் தேய்க்கப் பார்த்தார், டிரையர் அசைந்தது, பாப்பா "ஆடாதே" என்று அதட்டினாள். பிறகு தானே எழுந்துவந்து ஒரு துண்டின் நுனியால் அவர் மூக்கைச் சொறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்தாள்.

"கை மாத்திக்கட்டுமா?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார்.

"உங்களுக்குக் கை நடுங்கும் சார்."

"ஆமா, நடுங்கும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். எழுந்து, கண்ணாடியைப் பார்த்து, மிச்சமிருந்த கன்னத்தைத் தானே வழித்துக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துத் தவித்தார். வலது கிருதா தூக்கி நின்றது. சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

பாப்பா கோட்டைப் பார்த்தாள். அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். அவள் கோபத்தில் இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கோபம் என்றால் அவருக்குப் பழக்கம், ஒரு வேளை சோறு சாப்பிட்டால் தீர்ந்துவிடும். இவள் முகத்தில் இருந்தது கோபமாகத் தெரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்த மாதிரி இருந்தது. அப்போதும் அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஈரத்துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நான் வேணும்னு..."

"தெரியும் அண்ணா. பேசாதே. பேசினா கை ஆடுது."

வெயில் கடைக்குள்ளிருந்து வாசலுக்கு நகர்ந்தது, அப்புறம் தெருவுக்கு. அவருக்குத் தோள்பட்டை எரிந்தது. மறு கைக்கு மாற்றும்போது விரல் மேல் விரல் வைத்து, பொத்தான் ஒரு நொடிகூட எழும்பாமல் மாற்றினார். அந்தச் சாமர்த்தியத்தை யாரும் பார்க்கவில்லை. கோடு முக்கால்வாசியைத் தாண்டியது. தாண்டிய பிறகு இன்னும் மெதுவாகப் போவது போலிருந்தது. அவர் கண்ணாடிக்குள் இடம் வலமாய்த் தெரிந்த கடிகாரத்தை வருஷக்கணக்காகப் படித்துப் பழகியவர், அதனால் திரும்பிப் பார்க்க அவசியமில்லை. ஆறுக்குப் பத்து. ஆறுக்கு ஐந்து. கோட்டில் இன்னும் ஒரு விரற்கடை வெள்ளையாக மிச்சமிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரமா போகச் சொல்ல முடியாதா?"

"யார்கிட்ட?"

பாப்பா போனில் அனுப்புகிற பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். அதில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது, பிறகு பக்கம் தானாக மாறியது. அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். போஸ்ட்மாஸ்டர் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கேட்டார், "மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

டிரையரின் மூக்கு இடுக்கிலிருந்து கொஞ்சம் விலகியது. "அப்ப நான் இதை நிறுத்திடவாம்மா?"

"நிறுத்தாதே."

"இல்ல, நேரம்தான் போயிடுச்சே..."

"நிறுத்தாதேன்னு சொல்றேன்ல. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. ரெண்டு வருஷம் வரைஞ்சிருக்கேன், நான் இன்னும் ஒரு தடவைகூட முழுசா பார்க்கலை." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை அவளே இருமி மூடினாள். "கையை நேரா பிடி."

அவர் நேராகப் பிடித்தார். கட்டை விரல் மரத்துப்போயிருந்தது. அது பொத்தான் மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒருவர் வாசற்படியில் கால் வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடை இருக்கா? ஒரு ஷேவிங் மட்டும்."

அண்ணன் திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே அவருக்குத் தலையை ஆட்டினார்.

"உக்காருங்க சார். என் தங்கச்சி படம் முடிஞ்சிட்டிருக்கு."